'லெட் கோ'வுக்குத் தமிழில் என்ன?

போன மாதம் ஒரு மத்தியானம் ஜெயந்தி போன் செய்தாள். கம்பெனியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். நாற்பதைத் தாண்டியவள், காரியத்தில் கெட்டி. அப்படிப்பட்டவளின் குரல் அன்று சுருதி இறங்கியிருந்தது.

"யக்கா, லெட் கோன்னா தமிழ்ல வேற இன்னா வார்த்தை எல்லாம் இருக்கு?"

விஷயம் இதுதான். தலைமை ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. புது மேனேஜர் அதைப் போனில் போட்டு, போன் கொடுத்த தமிழை அப்படியே அச்செடுத்து கேட்டில் ஒட்டச் சொல்லிவிட்டார். 'உங்களைப் போக விடுவதற்கு வருந்துகிறோம்' என்று இருந்ததாம். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, "யாரு எங்கள புடிச்சி கட்டி வெச்சிருந்தாங்க, இப்ப போக உடறதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். சிரித்தவர்கள் பாதிப் பேர், புரியாமல் உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிட்டவர்கள் பாதிப் பேர்.

"வேலையிலிருந்து நிறுத்துகிறோம்னு போடு" என்றேன்.

"அது ரொம்ப முரட்டுத்தனமா இருக்குன்றாருக்கா."

"அப்படித்தான் சொல்வாங்க. போடு."

போனை வைத்தேன். பிரஷர் மாத்திரை போடும் நேரம். போட்டுக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு சின்னச் சொற்களோடு மாரடித்திருக்கிறேன். அகராதியைத் திறந்தால் விடுவி, கைவிடு, போகவிடு, விட்டுக்கொடு, மன்னித்துவிடு, பொருட்படுத்தாதே, பணிநீக்கம் செய் என்று வரிசையாக நிற்கும். எல்லாமே சரி. அதில் எது என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும், அவ்வளவுதான் சிக்கல்.

எனக்கு ஊர் புதுச்சேரியை அடுத்த வில்லியனூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போனவர்கள். மாதா கோயில் சிஸ்டர்மார்கள் என்னைப் பிடித்துத் தங்கள் பள்ளியில் போட்டார்கள். அங்கே வந்ததுதான் இந்த இங்கிலீஷ். டைப் படித்தேன், சுருக்கெழுத்து பாதி படித்தேன், தவளக்குப்பத்துக்கு மேற்கே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாக வந்திருந்த அந்தக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மருந்து பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி. பெயர் வேண்டாம்.

ஒர்க்ஸ் மேனேஜர் பானர்ஜி சார் கல்கத்தாக்காரர். மெலிந்த மனிதர், எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தால் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்ப்பார். பிறகு நம் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். 'டிஸ்மிஸ்' என்ற சொல்லை அவர் வாய் அறியாது. ஆளை வேலையை விட்டு அனுப்புவதென்றால், "வி ஹாவ் டு லெட் ஹிம் கோ" என்பார். ஏதோ அந்த ஆள் ரொம்ப நாளாகப் போகத் துடித்துக்கொண்டிருந்த மாதிரியும், இவர் மனம் இளகி வழிவிட்ட மாதிரியும் இருக்கும்.

நான் இந்த வேலைக்குள் வந்ததே அந்தச் சொல்லால்தான். பண்டசோழநல்லூரிலிருந்து முருகேசன் என்று ஒரு பிட்டர் வந்துகொண்டிருந்தார். அடிக்கடி லீவு. ஒரு நாள் சார் அவரைக் கூப்பிட்டு, தான் கற்றுவைத்திருந்த தமிழில், புன்னகையோடு, "முருகேசன், நீ போகலாம்" என்றார். முருகேசன் கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை டிபன் பாக்சோடு வந்து கேட்டில் நின்றார். வாட்ச்மேன் மறித்தார்.

"உள்ள உடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க முருகேசா."

"இன்னாயா சொல்ற? நேத்து ஐயா சிரிச்சிக்கினே தான போலாம்னு சொன்னாரு?"

டெலிபோன் போர்டு இருந்த அறையின் ஜன்னலிலிருந்து சார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் கத்தவில்லை. டிபன் பாக்சைக் கேட் தூணின் மேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, இனிமேல் இந்த மாதிரி விஷயங்களை நீ சொல். உன் மொழியில் சரியாகச் சொல்" என்றார். டெலிபோன் போர்டை விட்டு பர்சனல் டிபார்ட்மென்டுக்கு வந்தேன். பதவி உயர்வு என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். வருகை பதிகிற டைம் ஆபீசை ஒட்டிய சின்ன அறை, ஒரு நீள மேசை. தொழிலாளியை உட்கார வைப்பேன். துணைக்கு இன்னொருவரை அழைத்துக்கொள்ளலாம் என்பேன். முதலில் இங்கிலீஷை ஒரு தடவை முழுக்கப் படிப்பேன், எவ்வளவு நீளம் என்றாவது காதுக்குத் தெரியட்டும் என்று. பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில். வெளியே 'வா, போ' என்று பழகுகிறவர்களைக்கூட அந்த அறையில் 'நீங்கள்' என்பேன். முடித்ததும், "என்ன புரிஞ்சுதுன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்பேன். அவர்கள் வாயால் அது வந்த பிறகுதான் கையெழுத்து. சிலர் கடைசி வரி வரைக்கும் வந்து அதற்கு மேல் சொல்ல முடியாமல் நிறுத்திவிடுவார்கள். நான் காத்திருப்பேன்.

பானர்ஜி சார் அறைக்கு வரமாட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே கேட்பார்: "குடிக்கத் தண்ணீர் வைத்தாயா?" அது அவருடைய கருணை. கொஞ்ச நாளில் ஷெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேசையில் தண்ணி டம்ளரைப் பார்த்ததுமே ஆட்களுக்கு முகம் வெளுத்துப்போகும். ஒருத்தரும் அதைக் குடித்ததில்லை.

எல்லாம் துக்கமாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. கம்பெனி ரோட்டை நேராக்கப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் ஒரு துண்டு தேவைப்பட்டது. கோவிந்தசாமி என்ற விவசாயியின் நிலம். "அதை அவர் லெட் கோ செய்வாரா, கேள்" என்று சார் என்னைக் கூடவே அழைத்துப் போனார். வாங்குகிறோம் என்ற பேச்சை முதலில் எடுக்க அவருக்குக் கூச்சம். நான் "விட்டுக்குடுப்பீங்களான்னு சார் கேக்கறார்" என்றேன்.

கோவிந்தசாமி வரப்பிலிருந்தபடியே எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "விக்கிறியான்னு கேட்டா அது ஒரு பேச்சு. உட்டுக்குடுன்னா வேற பேச்சு. நான் இன்னா ஒங்களோட சண்டையா போட்டன், உட்டுக்குடுக்கறதுக்கு?"

இதை நான் இங்கிலீஷில் சொன்னதும் பானர்ஜி சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரோடு இன்றைக்கும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

இனி அஞ்சாலை விஷயத்துக்கு வருகிறேன்.

அஞ்சாலை பேக்கிங் செக்ஷனில் இருந்தாள். சேலியமேட்டுக்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்து ஷெட்டில் மூடி வார்க்கிற மெஷின்கள். பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கி அச்சுக்குள் தள்ளும்; அச்சு இரண்டு பாதியாக வந்து மூடும், திறக்கும். ஒரு நாள் காலையில் தேசிங்கு என்ற ஆபரேட்டரின் கை அந்த அச்சுக்குள் மாட்டிக்கொண்டது. பக்கத்து மெஷின்காரன் சிவப்பு பட்டனைக் குத்தினான். மெஷின் நிற்கவில்லை. மறுபடி குத்தினான். தேசிங்கின் அலறல் கேட்டு எல்லாரும் ஓடினார்கள், அஞ்சாலை மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடினாள். சுவரில் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து கைப்பிடியை இழுத்துவிட்டாள். ஷெட் முழுக்க இருண்டது.

தேசிங்குக்கு இரண்டு விரல் போயிற்று. கை மிஞ்சியது. ஆனால் எல்லா மெஷின்களிலும் உருகியிருந்த பிளாஸ்டிக் உள்ளேயே இறுகிப்போனது. அவசரமாக மறுபடி ஓட்டப்போய் ஒன்றில் பிளாஸ்டிக்கைத் தள்ளுகிற பெரிய ஸ்க்ரூ முறிந்தது. அனுப்ப வேண்டிய சரக்கு நின்றது. எலக்ட்ரீஷியன் தவிர யாரும் மெயினைத் தொடக்கூடாது என்பது சட்டம். தொட்டதற்கும் நஷ்டம் உண்டாக்கியதற்கும் அஞ்சாலைக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. சிவப்பு பட்டனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

விசாரணை நடத்தப் புதுச்சேரியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அன்று பானர்ஜி சாரும் உட்கார்ந்திருந்தார். நான் நடுவில்.

"மெயின தொடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் தொட்டீங்க?"

"அவன் கை உள்ள இருக்குதே, பின்ன இன்னா பண்றது? செவப்பு பட்டன ஓயாம குத்தறான் அந்தப் பையன். அது செத்து எத்தினியோ நாளாச்சி. கேட்டுப் பாரு, எல்லாருக்கும் தெரியும்."

நான் முழுசாக இங்கிலீஷில் சொன்னேன். வக்கீலின் பேனா நின்றது. அவர் பானர்ஜி சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைக் கழற்றினார். "லெட் இட் கோ, ஸ்டெல்லா" என்றார் மெதுவாக.

"அதை விடுங்க அஞ்சாலை" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எத்த உடச் சொல்ற? பட்டனையா, தேசிங்கு கையையா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சார் அன்று விசாரணை முடிந்தும் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முடிவு தலைமை ஆபீசிலிருந்து வர வேண்டும். அதுவரை அஞ்சாலை உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. ஆனாலும் தினம் வந்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு பழைய சிமெண்டு குழாய் கிடக்கும், அதன் மேல் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பானர்ஜி சார் சொந்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அவர் அக்கா மகள் கல்யாணம். கார் வாசலில் நின்றது. அப்போது தலைமை ஆபீசிலிருந்து போன். பேசிவிட்டு வெளியே வந்தவர் படியில் நின்றார்.

"ஸ்டெல்லா. லெட் ஹெர் கோ."

"சார்..."

"ப்ளீஸ். எப்படிச் சொல்வதென்று உனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கார் போய்விட்டது.

எனக்குத் தெரியும்தான். அவர் அகராதியில் அதற்கு ஒரே பொருள். 'உங்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்' என்ற வரி என் நாக்கில் தயாராக இருந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லித் தேய்ந்த வரி. அதைச் சுமந்துகொண்டு ஆபீசிலிருந்து கேட்டுக்கு நடந்தேன். ஷிப்டு மாறுகிற நேரம், வெளியே வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களும் கூடி நின்றார்கள். அஞ்சாலை குழாயை விட்டு எழுந்தாள். அவள் பக்கத்தில் தேசிங்கின் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். தேசிங்கும் வந்திருந்தான், கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அஞ்சாலை.

எனக்குக் களைப்பாக இருந்தது. அடுத்து நான் சொன்னதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வரியை இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"உன்ன உட்டுடச் சொல்லிட்டாரு" என்றேன்.

தேசிங்கின் பெண்டாட்டிதான் முதலில் அழுதாள். "உட்டுட்டாங்களா! யக்கா, உன்ன உட்டுட்டாங்களாம்க்கா!" என்று அஞ்சாலையைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் கைதட்டல் கேட்டது. அஞ்சாலை மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமா?"

"அவர் சொன்ன வார்த்தை அதான்."

மறுநாள் காலை அவள் பேக்கிங் மேசையில் இருந்தாள். டைம் ஆபீசில் யாரும் தடுக்கவில்லை. கேட்டில் அத்தனை பேர் காதால் கேட்ட செய்தி. சார் திரும்பி வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேலை போனா போவுது, நாத்து நடப் போலாம்" என்று சிரித்தார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். அப்போதுதான் வீட்டுக்குத் தளம் போட ஆரம்பித்திருந்தோம்.

பானர்ஜி சார் வந்த அன்று காலை ரவுண்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அஞ்சலியைப் பேக்கிங்கில் பார்த்தேன்." கடைசிவரை அவருக்கு அவள் பெயர் வரவில்லை.

"ஆமாம் சார்."

"அவளிடம் நீ என்ன சொன்னாய்?"

"நீங்க சொன்னதைத்தான் சார். தமிழில்."

"தமிழில் என்ன வார்த்தை?"

"விட்டுடு."

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். வங்காளி நாக்கில் 'பிட்டுடு' என்று வந்தது. "இதற்கு என்ன பொருள்?"

"லெட் கோ, சார்."

கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்திருக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேசையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்து, பிடிக்காமல் நின்றேன்.

பிறகு போனை எடுத்துத் தலைமை ஆபீசைக் கூப்பிட்டார். நான் போகலாமா என்று பார்த்தேன், அங்கேயே நில் என்று கையைக் காட்டினார்.

"அந்த மெயின் சுவிட்ச் விவகாரம்... ஆமாம். வி ஹாவ் லெட் இட் கோ. ஆமாம், முடிந்துவிட்டது."

'ஹெர்' போய் 'இட்' வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, "குட்" என்றது எனக்கே கேட்டது. அவர்கள் அஞ்சாலையைப் பார்த்ததே கிடையாது. விவகாரம் முடிந்தது என்றால் முடிந்ததுதான்.

போனை வைத்துவிட்டு, "இனிமேல் முடிவுகளை நான் எழுத்தில் தருகிறேன். தமிழ் வாசகத்தை வக்கீலே எழுதுவார். நீ படித்துக் காட்டினால் போதும்" என்றார்.

"சரி சார்."

கதவு வரைக்கும் போனேன். "ஸ்டெல்லா, எலக்ட்ரீஷியனை வரச் சொல்" என்றார். அந்த வாரமே எல்லா மெஷின்களுக்கும் புதுச் சிவப்பு பட்டன் வந்தது. ஏன் என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வரவேண்டியிருந்த ஆபீசர் போஸ்ட் வரவில்லை, அதற்குப் பிறகு எப்போதும் வரவில்லை. சார் என்னிடம் கடுமையாக நடந்துகொண்டதில்லை; முன்போல ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதும் இல்லை. ஓய்வு பெற்றுக் கல்கத்தா போகிற அன்று எல்லாருக்கும் கை கொடுத்தார். என்னிடம் வந்தபோது, "நீ மிகவும் சரியாக மொழிபெயர்ப்பவள்" என்றார். பாராட்டா, குத்தலா, இரண்டுமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவருக்குப் பிறகு வந்த மேனேஜர்கள் யாரும் நிலைக்கவில்லை. கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் வேறு மாநிலத்தில் பெரிய ஆலை கட்டினார்கள். நான் ஓய்வுபெற இன்னும் சில வருஷம் இருக்கையில், அச்சு செய்கிற பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு வார்ப்பு ஷெட்டையும் பேக்கிங்கையும் மூடுவதாக முடிவானது. இந்தத் தடவை தெளிவான இங்கிலீஷ், அதற்கு வக்கீல் எழுதிய தெளிவான தமிழ்: 'நிர்வாகம் உங்கள் பணியை முடித்துக்கொள்கிறது.' மேசையும் கிடையாது, துணையாளும் கிடையாது. கேண்டீன் கூடத்தில் வரிசை. பெயர் கூப்பிடுவேன், வருவார்கள், அந்த ஒரு வரியைப் படிப்பேன், கவரைக் கொடுப்பேன்.

வரிசை கேண்டீனைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. எனக்கு மத்தியானத்துக்குள் குரல் கம்மிவிட்டது. அஞ்சாலையின் பெயர் வந்தது. தலை நரைத்திருந்தது. பெரிய பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, சின்னவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். என் எதிரில் வந்து நின்றாள். நான் தாளைப் பார்த்தேன். படிக்கவில்லை.

"அஞ்சாலை, வேலை போச்சி. இனிமே கெடையாது."

"தெரியும். வாசல்லயே தெரியும்." கவரை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். நகரவில்லை. "உனக்கு?"

"எனக்கு இன்னும் இருக்கு."

திரும்பி, தனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒரு வாட்டி கேட்டுட்டுப் போயிடுவேன். நீ இத்தினி பேருக்கும் சொல்லணுமே" என்றாள். "தண்ணி குடிச்சியா?"

கேண்டீன்காரரிடம் அவளே ஒரு டம்ளர் வாங்கி வந்து என் கையில் வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.